கால் எட்டும் இடம்

ஆம்பல் எரிபொருள் நிலையம், நிலவுச் சுற்றுப்பாதை
பணிக் குறிப்பு. எழுதுபவர்: இசக்கியம்மாள், மருத்துவக் கருவிகள் பிரிவு

நாள் 58 · 09:20

வழக்கமான பதிவு. நிலையத்தில் இருவர், இருவரும் நலம். தொட்டிகளில் கசிவு இல்லை. குடிநீர் வடிகட்டியை மாற்றியதிலிருந்து தண்ணீர் சப்பென்று இருக்கிறது. தரைக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்தேன். சுத்தமான தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது.

இன்று இதய மீட்புப் பயிற்சி. இதயம் நின்றுபோனவராக நான் படுத்தேன். மீட்பவர் நிலையத் தலைவர், மருத்துவர் சம்யுக்தா.

இந்தக் குறிப்பு நிலையத்திலேயே இருக்கும், பின்னால் இதைத் திறந்து படிப்பவர் தரையில் இருந்தே பழகியவராக இருக்கலாம். அதனால் எழுதி வைக்கிறேன். எடையில்லாத இடத்தில் ஒருவர் நெஞ்சின் மேல் சாய்ந்து அழுத்த முடியாது, நாம்தான் பின்னால் மிதந்து போவோம். நோயாளியைப் பலகையில் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். அழுத்துபவர் தலைகீழாக நின்று உள்ளங்கைகளை நெஞ்சில் வைத்து, பாதங்களை எதிர்ச்சுவரில் ஊன்றி, முழங்காலை மடக்கி நீட்டி அழுத்த வேண்டும். வேலை செய்வது கைகள் அல்ல, கால்கள். மருத்துவ அறையின் இடைவெளி சம்யுக்தாவின் உயரத்துக்குத் தைத்ததுபோல் பொருந்துகிறது. எனக்கு ஒரு சாண் எட்டவில்லை.

வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. தரைக்கு எழுதினோம். கால் ஊன்றும் பலகை அடுத்த கலத்தில் வரும் என்றார்கள். அதுவரை நான் படுப்பது, அவர் அழுத்துவது. "நீ படு இசை, உனக்கு அதுதான் வசதி" என்று சிரிப்பார். என் பெயர் இசக்கி. வானொலிக் கரகரப்பில் புரியவில்லை என்று அவர்தான் சுருக்கினார். இப்போது தரையும் இசை என்றே கூப்பிடுகிறது.

என் நெஞ்சின் மேல் பயிற்சித் தட்டு இருந்தது. அவர் அதை அழுத்த, நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி தந்து வழிகாட்டும் மீட்புப் பெட்டி பேசியது: "ஆழம் சரி. நன்றாகச் செய்கிறீர்கள். நிறுத்தாதீர்கள்."

பெட்டியின் குரலும் சம்யுக்தாவுடையதுதான். தன்னைத் தானே பாராட்டிக்கொண்டார். நான் இரண்டுக்கும் கீழே படுத்திருந்தேன்.

நாள் 60 · 13:05

தொட்டிகள் சரி. இரண்டு பேருக்கும் கெண்டைக்காலில் பிடிப்பு.

பெட்டியைப் பற்றி ஒன்று. அதன் வாக்கியங்களை எழுதியது நான். தமிழில் பேசும் மீட்புப் பெட்டி வேண்டும் என்றபோது ஆய்வகத்தில் என்னிடம்தான் கொடுத்தார்கள். "நன்றாகச் செய்கிறீர்கள்" என்ற வரி கருவிக்குத் தேவையே இல்லை. ஆழம் சரி என்றால் போதும். பயந்துகொண்டு அழுத்துகிறவருக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நான் சேர்த்தேன். குரல் பதிவு அன்று ஒலிவாங்கிக்கு முன்னால் எனக்குக் குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எதற்கோ அந்த வழியாக வந்த சம்யுக்தா தாளை வாங்கி ஒரே மூச்சில் வாசித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பதிவில் அவர் என்று எழுதுகிறேன். மனதுக்குள் அவள்தான். இனி இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நேரில் எப்படியும் கூப்பிடுவதில்லை. மேடம் என்றேன், பெயர் சொல்லு என்றாள், அது என் நாக்குக்கு வரவில்லை. இரண்டு மாதமாக அவள் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்துதான் பேசுகிறேன்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் இதய மருத்துவர்கள். சாப்பாட்டு மேசையில் வால்வு பற்றிப் பேசி வளர்ந்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்.

அம்மாவின் செய்தி வந்தது. ஆலங்குளத்து வீட்டில் பீடித் தட்டை மடியில் வைத்தபடியே பேசியிருக்கிறாள். "ஒங்க ரெண்டு பேரையும் டிவில காட்டுனாங்கட்டி. அந்தப் பிள்ளைக்கு என்னா உசரம், என்னா பேச்சு! நீ பின்னால நின்னியா, தேடிப் பிடிக்க வேண்டியதாப் போச்சு. அவகிட்ட நாலு வார்த்த பேசிப் பழகிக்கிடு."

மூன்று முறை ஓட்டிக் கேட்டேன். நான் நல்லாயிருக்கிறேனா என்ற கேள்வி அதில் இல்லை.

நாள் 63 · 15:31

நிலவின் பின்பக்கத்துக்கு வந்துவிட்டோம். தரையோடு தொடர்பில்லை. சம்யுக்தா ஓட்டப்பொறியில் ஓடுகிறாள், வழக்கம்போல என்னைவிட இரண்டு மடங்கு. நான் கழுத்தில் இருக்கிறேன். கலம் வந்து சேரும் இணைப்புக் குழாய்க்கு நாங்கள் வைத்த பெயர் அது. குறுகலானது. அதைத் துடைக்கும் வேலை எப்போதும் எனக்கு. "எலிக்குட்டிதான் உள்ள போக முடியும்" என்பாள்.

ஓட்டப்பொறியின் சத்தம் நின்றுவிட்டது. ஒரு நிமிடம், பார்த்துவிட்டு வருகிறேன்.

நாள் 63 · 18:15

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஓட்டப்பொறியின் பட்டைகளில் மாட்டியபடி மிதந்துகொண்டிருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது முதல் விதி, நான் எழுதிய விதி. "சம்யுக்தா" என்றேன். அவள் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பதில் இல்லை. மூச்சு இல்லை. கழுத்து நாடியில் துடிப்பு இல்லை.

மருத்துவ அறைக்கு இழுத்துப் போய்ப் பலகையில் கட்டினேன். பெட்டியின் ஒட்டுத் தகடுகளை நெஞ்சில் பதித்தேன். பெட்டி அவளுடைய குரலில் சொன்னது: "நோயாளியைத் தொடாதீர்கள். அதிர்ச்சி தேவை. சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்." அழுத்தினேன். உடல் ஒருமுறை துள்ளியது. துடிப்பு வரவில்லை.

"நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்."

கால் எட்டவில்லை. எட்டாது என்று நிலையம் முழுக்கத் தெரியும், தரைக்கும் தெரியும். எனக்கு இதயம் நின்றால் அவள் இருக்கிறாள் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். அவளுக்கு நின்றால் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் நோயாளியாகப் படுத்த பயிற்சி ஒன்றுகூட நடந்ததில்லை.

ஒரு சரக்குப் பெட்டியைச் சுவரில் கட்டி அதில் கால் வைத்தேன். இரண்டாவது அழுத்தத்தில் பட்டை வழுக்கிப் பெட்டி நழுவியது. பலகையிலிருந்து அவளை அவிழ்த்து, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து முஷ்டியால் நெஞ்சை உள்ளே இழுத்தேன்.

"ஆழம் போதவில்லை. இன்னும் ஆழமாக அழுத்துங்கள்."

இழுத்தேன்.

"ஆழம் போதவில்லை."

செத்துக் கிடந்தவள் என் காதுக்கருகில் என்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வரியையும் நான்தான் எழுதினேன். அவள் வாயில் அது வேறு மாதிரி கேட்டது.

அப்போதுதான் கழுத்து நினைவுக்கு வந்தது. அதைத் துடைக்கும்போது முதுகை ஒரு சுவரில் சாய்த்தால் என் கால் எதிர்ச்சுவரில் முட்டும், முழங்காலை மடக்கித்தான் உட்கார முடியும். அவளை மறுபடி பலகையில் கட்டி, பெட்டியோடு அங்கே இழுத்துப் போய்ச் செருகினேன். அவள் முதுகு ஒரு சுவரில். என் பாதங்கள் எதிர்ச்சுவரில். நடுவில் என் கைகள். முழங்காலை நீட்டினேன்.

"ஆழம் சரி. நன்றாகச் செய்கிறீர்கள். நிறுத்தாதீர்கள்."

என்னைப் பார்த்து அவள் குரல் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுடைய விலா எலும்பு ஒன்று முறிந்தது, கையில் தெரிந்தது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தச் சொல்லும் நின்றுவிடும்.

உண்மையை எழுத வேண்டும். அந்த நிமிடங்களில் அவள் பிழைக்க வேண்டும் என்று அழுத்தினேனா, அடுத்த பாராட்டுக்காக அழுத்தினேனா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது அதிர்ச்சியில் துடிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு. நிலவின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்ததும் கட்டுப்பாட்டு அறை ஜெபராஜ் சாரின் குரல் கேட்டது. இதயம் நின்றதையும் துடிப்பு திரும்பியதையும் மட்டும் சொன்னேன். நேரங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "பெட்டி வேலை செஞ்சிருச்சு பாத்தியா இசை" என்றார்.

நாள் 64 · 10:40

கண் விழித்தாள். குழறல் இருக்கிறது, ஆனால் ஆளை அடையாளம் தெரிகிறது. முதலில் கேட்டது, யார் அழுத்தியது என்று. இரண்டே பேர் இருக்கும் நிலையத்தில். நான் என்று தலையாட்டினேன்.

சுவரைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

"உனக்கு எட்டாதே" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. மருத்துவராகக் குழம்பிச் சொன்னாள். அதுதான் அதிகமாக வலித்தது. கழுத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தூங்கிவிட்டாள்.

நாள் 68 · 16:10

மீட்புக் கலம் வந்தது. மருத்துவர் ரெஜினா மட்டும் வந்தார். காரணத்தை அரை மணியில் கண்டுபிடித்தார்: தண்ணீர். புதிய வடிகட்டி அழுக்கோடு உப்புகளையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் இதயத்தின் தாளம் கெடும். இரண்டு மடங்கு ஓடி வியர்த்தவளுக்கு முதலில் இறங்கியிருக்கிறது. "இசக்கியம்மாள், கையக் குடு" என்று என் சட்டையில் இருந்த பெயரை முழுதாகப் படித்து, ஊசி போட்டு இரத்தம் எடுத்தார். எனக்கும் குறைவுதான், அவ்வளவு மோசமில்லை.

கலத்தில் மூன்று இருக்கை. சம்யுக்தாவின் படுக்கை இரண்டை எடுத்துக்கொள்ளும், மருத்துவருக்கு ஒன்று. தொட்டிகளை ஆள் இல்லாமல் விடக்கூடாது என்று தரையும் சொல்லிவிட்டது. நான் அடுத்த கலத்தில்.

வழியில் சம்யுக்தாவுக்குப் பொட்டாசியம் மாத்திரை தேவைப்படும். எனக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு மீதியை எடுத்துப் போனார்கள். வேறு வடிகட்டியும் மாத்திரையும் அடுத்த கலத்தில் வரும், அதுவரை ஓடாதே, எதையும் பலமாகத் தள்ளாதே, பெட்டியின் தகடுகளை நெஞ்சிலேயே ஒட்டி வைத்துக்கொள் என்றார் ரெஜினா. அவர் மனதில் உறுத்தல் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

கழுத்து வழியாக சம்யுக்தாவைக் கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள். என்னவோ சொன்னாள். முகமூடிக்குள் கேட்கவில்லை. தலையாட்டினேன்.

நாள் 79 · 12:00

தொட்டிகள் சரி. நான் சரி.

எனக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று ஜெபராஜ் சார் ஒரு காணொளி அனுப்பியிருக்கிறார். சம்யுக்தாவின் பேட்டி. சக்கர நாற்காலியில் இருக்கிறாள், இளைத்திருக்கிறாள், அப்போதும் அழகாக இருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய அப்பா. பேட்டி எடுப்பவர் கண்ணைத் துடைக்கிறார்.

"யோசிச்சுப் பாருங்க, நான் செத்துக் கிடக்கேன், என் குரலே என்னைக் காப்பாத்தச் சொல்லி வழி சொல்லுது. அதை நினைச்சா இப்பவும் சிலிர்க்குது" என்கிறாள்.

கூட இருந்த பெண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள். "இசையா? பாவம், சின்னப் பொண்ணு, ரொம்பப் பயந்துட்டா. ஆனா பெட்டி சொன்னதச் சொன்ன மாதிரியே செஞ்சா."

பெட்டி கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிக்குக் கழுத்து இருப்பதே தெரியாது.

அம்மாவும் பார்த்திருக்கிறாள். "அழுதுட்டேன்ட்டி. அந்தப் பிள்ளைக்காவ பேச்சியம்மன் கோயில்ல மாவெளக்குப் போட்டேன். தெருவே போட்டுச்சு. நீ எப்பட்டி வருவ?"

கடைசியில் கேட்டுவிட்டாள். அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிக் கேட்டேன்.

சில நிமிடம் நின்றுபோன இதயத்துக்கு ஊரெல்லாம் விளக்கு. நிற்காமல் ஓடும் இதயத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாள் 81 · 17:30

அவளுடைய குரலை அழித்துவிட்டேன்.

யாரிடமும் கேட்கவில்லை. கருவி என் பொறுப்பு, வாக்கியங்கள் என்னுடையவை. அவளை அவள் குரல் காப்பாற்றியது என்றால் என்னை என் குரல் காப்பாற்றட்டும்.

முதல் பத்து முயற்சிகளையும் பெட்டி தள்ளிவிட்டது: ஒலி போதவில்லை. ஆளே இல்லாத இடத்தில்கூட எனக்குக் கூச்சம். பிறகு தெருக்குழாயில் தண்ணீர் வந்ததும் அம்மாவை நான் கூப்பிடும் குரல் நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசியது அங்கே மட்டும்தான். அந்தக் குரலில் சொன்னேன். எழுத்துத் தமிழ் வரவில்லை, எங்கள் ஊர்ப் பேச்சுதான் வந்தது. பெட்டி ஏற்றுக்கொண்டது.

புதிதாக ஒரு வரி சேர்த்தேன். அவளுக்கு அது எந்நாளும் தேவைப்பட்டிருக்காது.

நாள் 88 · 08:45

மாத்திரை தீர்ந்தது. ஏவுதளத்தில் ஏதோ கோளாறாம், கலம் தாமதம். ஜெபராஜ் சார் நாளுக்கு மூன்று முறை கூப்பிடுகிறார். தக்காளிப் பொடி, உருளைக்கிழங்குத் தூள் எல்லாவற்றையும் தேடித் தேடிச் சாப்பிடச் சொல்கிறார். அதுவும் தீரப்போகிறது.

நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு முன்னால் வந்து, அடுத்தது தயங்கி வருகிறது. படியில் கால் தவறுவதுபோல. பெட்டி ஒவ்வொரு முறையும் என் குரலில், "அசையாம இருங்க" என்கிறது. என்னை அதட்டுவதற்கு நானே இருக்கிறேன்.

இன்றுதான் ஒன்று உறைத்தது. பெட்டிக்கு வாய் உண்டு, கை கிடையாது. அதிர்ச்சி தர வேண்டுமானால் யாராவது சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான் இல்லாமலே அதிர்ச்சி தரும்படி மாற்றிவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். விரல் மரத்துப்போகிறது. கம்பியை அறுத்துவிடுவேனோ என்று பயந்து மூடிவிட்டேன்.

அவளிடம் குரல் மட்டும் இருக்கவில்லை. நான் இருந்தேன். பொறாமைப்பட வேண்டியது அதற்குத்தான். குரலுக்குப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நாள் 93 · 14:20

கலம் கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. நாளை. ரெஜினா வருகிறார், கூட ஒரு விமானி. சம்யுக்தா தரையிலிருந்து பேசினாள். பேட்டியில் பேசும் குரல் இல்லை.

"இசை, நான் அன்னிக்குப் போகும்போது சொன்னது கேட்டுச்சா? எப்படி எட்டுச்சுன்னு கேட்டேன். இங்க யாருக்கும் புரியல. அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துட்டார், முடியாதுங்கறார். நீ வந்து எனக்குச் சொல்லித் தரணும்."

பதில் அனுப்ப ஒலிவாங்கியைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

எழுதி அனுப்பலாம். நாளைக்கு அனுப்பலாம். ஒரு நாள் அவள் தெரியாமல் இருக்கட்டும்.

நாள் 94 · 10:58

கலம் இணைந்துவிட்டது. கழுத்தில் இருக்கிறேன். நான்கு பூட்டில் மூன்று மோட்டாரில் திறந்தன. நான்காவது இறுகிக் கிடக்கிறது. உள்ளிருந்து கையால் சுற்ற வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து முடியாது. பலமாகத் தள்ளாதே என்று சொன்ன ரெஜினா கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

வானொலியில், "மெதுவாம்மா, நின்னு நின்னு சுத்து" என்கிறார்.

11:12

பாதி. முதுகைச் சுவரில் சாய்த்து, காலை எதிர்ச்சுவரில் ஊன்றிச் சுற்றுகிறேன். இங்கே எட்டும். கண் ஓரத்தில் கருப்பு. பெட்டி கத்துகிறது. என் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாது.

11:23

இன்னும் ஒரு சுற்று. பெட்டியைக் கதவுக்கு நேராகக் கட்டிவிட்டேன், பொத்தான் தெரியும்படி. பலகையைச் சுவரில் கட்டி நானும் அதில் பட்டை போட்டுக்கொண்டேன், பூட்டைச் சுற்ற ஒரு கை மட்டும் வெளியே. உள்ளே வருகிறவர் தேட வேண்டாம்.

சம்யுக்தாவிடம் சொல்லுங்கள். கழுத்து. கழுத்துக்குள் கொண்டு போனால் எட்டு

மீட்புப் பெட்டி, தானியங்கிப் பதிவு
நோயாளி: இசக்கியம்மாள். குரல்: இசக்கியம்மாள்.

11:25 நிலையம்: நான்காவது பூட்டு விடுபட்டது.

11:25 துடிப்பு சீரற்றது. "யாராவது இருக்கீங்களா? பேர் சொல்லிக் கூப்புடுங்க." பதில் இல்லை.

11:26 துடிப்பு இல்லை. அதிர்ச்சி தேவை. "யாரும் தொடாதீங்க. செவப்புப் பொத்தான அமுக்குங்க." பொத்தான் அழுத்தப்படவில்லை.

11:27 "செவப்புப் பொத்தான அமுக்குங்க." பொத்தான் அழுத்தப்படவில்லை.

11:28 நிலையம்: இணைப்புக் கதவு திறந்தது. வேற்றுக் குரல்: "இசக்கி. இசக்கியம்மா, கேக்குதா?" நோயாளியிடமிருந்து பதில் இல்லை.

11:28 பொத்தான் அழுத்தப்பட்டது. துடிப்பு திரும்பவில்லை. "நெஞ்ச அமுக்குங்க."

11:29 அழுத்தம் உணரப்பட்டது. ஆழம் போதவில்லை. "கால் எட்டலைன்னா பயப்படாதீங்க. கழுத்துக்குள்ள, கலம் வந்து சேருத குழாய்க்குள்ள வச்சு, எதுத்த செவத்துல கால ஊனி மொழங்கால நீட்டுங்க. எல்லாருக்கும் எட்டும்."

11:30 அழுத்தம் உணரப்பட்டது. ஆழம் சரி. "நல்லாப் பண்ணுதீங்க. விட்றாதீங்க."

11:31 துடிப்பு திரும்பவில்லை. ஆழம் சரி. "நல்லாப் பண்ணுதீங்க. விட்றாதீங்க."

11:32 ஆழம் சரி. "நல்லாப் பண்ணுதீங்க. விட்றாதீங்க."